நினைவகத் தாமதமும் இணைக்கணினிக் கட்டமைப்பும்: ‘இரண்டு அடிப்படைச் சிக்கல்கள்’ விவாதம் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

செயலி கேட்கும் தரவு நினைவகத்திலிருந்து வந்து சேரும் வரையிலான தாமதம், இணைக்கணினி வடிவமைப்பின் நெடுநாளைய சிக்கலாகும். இத்தாமதத்தைக் குறைப்பதற்கு மாறாக, அதை ஏற்றுக்கொண்டு வேறு பணிகளால் நிரப்பும் கட்டமைப்புகள் 1980களில் வலுவாக முன்மொழியப்பட்டன. அர்விந்த், ராபர்ட் இயனூச்சி ஆகியோர் எழுதிய ‘பல்செயலாக்கத்தில் இரண்டு அடிப்படைச் சிக்கல்கள்’ என்னும் கட்டுரையும், அதற்கு மறுப்பாக டேவிட் கல்லர், கிளாஸ் ஷவுசர், தோர்ஸ்டன் ஃபான் ஐக்கன் ஆகியோர் எழுதிய ‘தரவோட்டப் பல்செயலாக்கத்தின் இரண்டு அடிப்படை வரம்புகள்’ (1993) என்னும் கட்டுரையும் இத்துறையின் மையமான விவாதத்தைக் காட்டுகின்றன. இக்கட்டுரை அவ்விரு வாதங்களையும் டெரா கணினி, இன்றைய வரைகலைச் செயலி ஆகிய இரு சான்றுகளைக் கொண்டு மதிப்பிடுகிறது. தாமதத்தைப் பொறுக்கும் கட்டமைப்பு தாமதத்தின் விலையை நீக்குவதில்லை, வேறிடத்துக்கு மாற்றுகிறது என்பதும், அவ்விலை எங்கே செலுத்தப்படுகிறது என்பதே மதிப்பீட்டின் அளவுகோலாக அமைய வேண்டும் என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நினைவகத் தாமதம், இணைக்கணிப்பு, பல்லிழையாக்கம், தரவோட்டம், ஒத்திசைவு, பதிவகம், வரைகலைச் செயலி.

1. முன்னுரை

மூன்று கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் செயலி ஒன்றுக்கு ஒரு கடிகாரச் சுழற்சி ஏறத்தாழ 0.33 நானோநொடி. அந்நேரத்தில் வெற்றிடத்தில் ஒளியே பத்து சென்டிமீட்டர்தான் செல்லும். முதன்மை நினைவகத்திலிருந்து ஒரு சொல்லைப் பெற 100 நானோநொடி ஆகும் எனக் கொண்டால், செயலி 300 சுழற்சிகள் காத்திருக்க நேரிடும். பல செயலிகள் ஒரு வலையமைப்பால் இணைக்கப்பட்ட கணினியில், தரவு இன்னொரு செயலியின் அருகிலுள்ள நினைவகத்தில் இருந்தால் இந்தக் காத்திருப்பு மேலும் நீளும்.

வில்லியம் வுல்ஃப், சாலி மெக்கீ ஆகியோர் 1995இல் இந்த இடைவெளியை ‘நினைவகச் சுவர்’ என்று பெயரிட்டனர். டேவிட் பேட்டர்சன் 2004இல் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். தரவுக் கடத்தல் வீதம் இரு மடங்காகும் காலத்தில், தாமதம் 1.2 முதல் 1.4 மடங்குக்கு மேல் மேம்படுவதில்லை என்பது அவர் கண்ட முடிவு. கடத்தல் வீதத்தைக் கூடுதல் கம்பிகளாலும் கூடுதல் நினைவகப் பிரிவுகளாலும் பெருக்க முடியும். தூரத்தையும் மின்சுற்றின் மறுவினை நேரத்தையும் அவ்வாறு சுருக்க முடியாது. எனவே, தாமதத்தோடு வாழும் வழியைத் தேடுவது கட்டமைப்பாளரின் விருப்பத்தைப் பொறுத்த ஒன்றாக அமையவில்லை, கட்டாயமாயிற்று.

இத்தேடலைப் பாடநூல்கள் உத்திகளின் பட்டியலாகவே பெரும்பாலும் தருகின்றன. உத்திகளுக்குப் பின்னிருந்த விவாதமும், அவ்விவாதத்தில் எது இன்றளவும் தீர்வின்றி நிற்கிறது என்பதும் அப்பட்டியலில் மறைந்துபோகின்றன. அவ்விவாதத்தை மீட்டெடுத்து மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. குறைத்தலும் பொறுத்தலும்

தாமதத்தை எதிர்கொள்ளும் வழிகள் இருவகைப்படும். முதல் வகை தாமதத்தைக் குறைப்பது. கேஷ் எனப்படும் பதுக்கு நினைவகம் இவ்வகையைச் சார்ந்தது. அண்மையில் பயன்பட்ட தரவையும் அதனை அடுத்திருக்கும் தரவையும் செயலியின் அருகிலேயே வைத்திருப்பதால் நெடும்பயணம் தவிர்க்கப்படுகிறது. இரண்டாம் வகை தாமதத்தைப் பொறுப்பது. நெடும்பயணம் நிகழ்ந்தே தீரும் என ஏற்றுக்கொண்டு, அந்நேரத்தில் செயலிக்கு வேறு வேலை தருவது இது. உலை கொதிக்கும் வரை அடுப்பருகே சும்மா நில்லாமல் காய் நறுக்கும் சமையற்காரரின் முறை இதற்கு நிகரானது. உலை கொதிக்கும் நேரம் ஒரு நொடியும் குறைவதில்லை, ஆனால் அந்நேரம் வீணாவதும் இல்லை.

இவ்வுவமை இரண்டாம் வகையின் நிபந்தனைகளையும் காட்டிவிடுகிறது. நறுக்கக் காய் இருக்க வேண்டும். நறுக்கியதை வைக்க மேடையில் இடம் வேண்டும். கணினியின் மொழியில், ஒன்றையொன்று சாராத பணிகள் நிரலில் போதிய அளவு இருக்க வேண்டும். பாதியில் நிற்கும் ஒவ்வொரு பணியின் நிலையையும் காத்துவைக்கப் பதிவகங்கள் வேண்டும்.

எத்தனை பணிகள் தேவை என்பதை ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய வரிசைக் கோட்பாட்டு விதியைக் கொண்டு கணிக்கலாம். ஒரே நேரத்தில் பயணத்தில் இருக்க வேண்டிய தரவின் அளவு, தாமதத்தையும் கடத்தல் வீதத்தையும் பெருக்கக் கிடைக்கும். நொடிக்கு 100 கிகாபைட் கடத்தவல்ல நினைவகத்தின் தாமதம் 100 நானோநொடி எனில், எந்நேரமும் 10,000 பைட் பயணத்தில் இருந்தால்தான் அந்நினைவகம் முழுமையாகப் பயன்படும். 64 பைட் கொண்ட துண்டுகளாகக் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 156 கோரிக்கைகள். தாமதம் மாறாமல் கடத்தல் வீதம் மட்டும் உயர்ந்தால் இவ்வெண்ணிக்கையும் அதே விகிதத்தில் உயரும். பேட்டர்சனின் கணிப்போடு இதைச் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் நிரலிடமிருந்து கூடுதலான இணைநிலை கோரப்படும் என்பது தெளிவாகிறது.

அனூப் குப்தா, ஜான் ஹென்னசி முதலியோர் 1991இல் வெளியிட்ட ஒப்பாய்வு இவ்விரு வகைகளையும் ஒரே அளவுகோலில் வைத்தது. பதுக்கு நினைவகமும் தளர்த்தப்பட்ட நினைவக ஒழுங்கும் எல்லா நிரல்களிலும் பயன் தந்தன. முன்கூட்டியே தரவை வரவழைத்தலும் பல சூழல்களுக்கிடையே மாறிச் செயற்படுதலும் கணிசமான பயனைத் தந்தபோதிலும், அப்பயன் நிரலுக்கு நிரல் பெரிதும் வேறுபட்டது. பொறுத்தல் உத்திகளின் வெற்றி இயந்திரத்தில் மட்டும் இல்லை, நிரலின் இயல்பிலும் இருக்கிறது என்பதற்கு இது தொடக்கக்காலச் சான்றாகும்.

3. அர்விந்த் - இயனூச்சி வாதம்

கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று, பின்னர் எம்.ஐ.டி.யில் தரவோட்டக் கணினி ஆய்வை முன்னெடுத்தவர் அர்விந்த். அவரும் இயனூச்சியும் 1983இல் ஓர் ஆய்வறிக்கையாகத் தொடங்கி 1987இல் விரித்து வெளியிட்ட கட்டுரை, எந்தப் பல்செயலிக் கணினியும் இரண்டு கேள்விகளுக்கு விடை தந்தாக வேண்டும் என்கிறது. ஒன்று, நினைவகத் தாமதம். மற்றொன்று, ஒரு பணி இன்னொரு பணியின் விளைவுக்காகக் காத்திருக்கும் ஒத்திசைவு.

இவ்விரண்டையும் தனித்தனியே பார்க்காமல் பிணைத்துக் காட்டியதே அக்கட்டுரையின் தலையாய பங்களிப்பு. தாமதத்தைப் பொறுக்க வேண்டுமெனில், முதற்கோரிக்கையின் விடை வரும் முன்னரே அடுத்தடுத்த கோரிக்கைகளை அனுப்ப வேண்டும். விடைகள் அனுப்பிய வரிசையிலேயே திரும்பி வரும் என்ற உறுதி இல்லை. எந்த விடை எந்தப் பணிக்குரியது என்று பொருத்தி அப்பணியை எழுப்புவது ஒத்திசைவுச் செயலே. ஆகவே, ஒத்திசைவு மலிவாக இல்லாத கணினியில் தாமதத்தைப் பொறுப்பதும் மலிவாக அமையாது.

ஃபான் நாய்மன் வழிவந்த செயலியில் ஒரேயொரு கட்டளைச்சுட்டி ஒரு வரிசையைப் பின்பற்றிச் செல்கிறது. பணி மாற வேண்டுமெனில் பதிவகங்களைச் சேமித்து மீட்க வேண்டும். அச்செலவு நினைவகத் தாமதத்துக்கு நிகராகிவிட்டால் மாறுவதில் பயனில்லை. அதனால், இவ்வகைச் செயலிகளை அடிப்படையாகக் கொண்ட பல்செயலிகள் இரு சிக்கல்களையும் ஒருசேரத் தீர்க்கவல்லன அல்ல என்பது கட்டுரையாளர்களின் முடிவு. தரவோட்டக் கணினியில் கட்டளைச்சுட்டியே இல்லை. தனக்கு வேண்டிய தரவு யாவும் வந்து சேர்ந்ததும் ஒவ்வொரு கட்டளையும் தானே செயற்படத் தகுதி பெறுகிறது. எனவே தரவோட்டமே தீர்வு என அவர்கள் வாதிட்டனர்.

நோய்நாடலாக இவ்வாதம் இன்றும் அசைக்க முடியாதது. மருந்தாக அது முன்வைத்ததில்தான் ஐயம் எழுகிறது. ‘ஃபான் நாய்மன் செயலி’ என்பதை ஒற்றைக் கட்டளைச்சுட்டியும் ஒற்றைப் பதிவகத் தொகுதியும் கொண்ட ஒன்றாகவே கட்டுரை பெரிதும் கருதுகிறது. அவ்விரண்டையும் வன்பொருளில் பலவாக்கினால் என்ன நிகழும் என்பதற்கு அன்றே ஒரு முன்னுதாரணம் இருந்தது. பர்ட்டன் ஸ்மித் வடிவமைத்து 1982இல் வெளிவந்த டெனல்கோர் நிறுவனத்தின் ஹெப் கணினி, எட்டுக் கட்டங்கள் கொண்ட பைப்லைனில் சுழற்சிக்கு ஒரு பணியாக மாறி மாறிச் செயற்பட்டது. ஒவ்வொரு நினைவகச் சொல்லிலும் ‘நிரம்பியது, வெற்று’ என்று காட்டும் ஒரு பிட் வைத்து ஒத்திசைவையும் நினைவகத்திலேயே நிகழ்த்தியது. அர்விந்தும் இயனூச்சியும் ஹெப்பைத் தம் ஆய்வில் எடுத்துக்கொண்டனர். ஆயினும், அதன் குறைகள் அந்த இயந்திரத்துக்கு மட்டும் உரியவையா, அவ்வழிக்கே உரியவையா என்ற வேறுபாட்டைக் கட்டுரை போதிய அளவு தெளிவாக்கவில்லை. 1988இல் இயனூச்சியே தரவோட்டத்தையும் ஃபான் நாய்மன் முறையையும் இணைத்த கலப்புக் கட்டமைப்பொன்றை முன்மொழிந்தது இக்குறையை உறுதிப்படுத்துகிறது.

4. டெரா: வாதத்தின் கடுஞ்சோதனை

டெனல்கோர் 1985இல் மூடப்பட்ட பின், ஸ்மித் 1987இல் ஜேம்ஸ் ராட்சால்க்குடன் இணைந்து டெரா நிறுவனத்தைத் தொடங்கினார். 1990இல் விளக்கப்பட்ட டெரா கட்டமைப்பில் தரவுக்கான பதுக்கு நினைவகம் அறவே இல்லை. ஒவ்வொரு செயலியிலும் 128 இழைகளின் நிலை வன்பொருளிலேயே வைக்கப்பட்டது. இழைக்கு 32 பொதுப் பதிவகங்கள் என, செயலிக்கு 4,096 பதிவகங்கள். ஒவ்வொரு கட்டளையிலும் மூன்று பிட் அளவுள்ள முன்னோக்கு எண் ஒன்று இருந்தது. நிலுவையிலுள்ள நினைவகக் கோரிக்கையைச் சாராத கட்டளைகள் அடுத்து எத்தனை உள்ளன என்பதைக் கம்பைலர் எனப்படும் தொகுப்பி அதில் குறித்துவைக்கும். அதனால் ஓர் இழை எட்டுக் கோரிக்கைகள் வரை நிலுவையில் வைத்திருக்க முடிந்தது.

தாமதத்தைக் குறைக்கும் வழியை முற்றிலும் கைவிட்டு, பொறுத்தலை மட்டுமே நம்பியதால் டெரா ஒரு தூய சோதனையாகிறது. போதிய இழைகள் உள்ளவிடத்து அது தன் வாக்கைக் காத்தது. தரவு எங்கே இருக்கிறது என்ற கவலை நிரலருக்கு இல்லாமற்போனது. கோலக்கூட்டுகள் போன்று நினைவகத்தில் எங்கெங்கோ தாவும் கணிப்புகளுக்கு இது அரிய வசதி. இழைகள் குறைந்தபோதோ, விலை வெளிப்பட்டது. பைப்லைனின் நீளம் காரணமாக ஒற்றை இழை 21 சுழற்சிகளுக்கு ஒரு கட்டளையைத்தான் தொடங்க முடிந்தது. பெரும்பகுதி இணையாக இயங்கும் நிரலிலும் எஞ்சியிருக்கும் தொடர்நிலைப் பகுதி இங்கே பெருஞ்சுமையாயிற்று.

பதுக்கு நினைவகம் இல்லாததால் ஒவ்வொரு நினைவக அணுகலும் வலையமைப்பைக் கடந்தாக வேண்டும் என்பது இரண்டாம் விலை. செயலிகள் பெருகப் பெருக, செயலி ஒவ்வொன்றுக்கும் முழுக் கடத்தல் வீதத்தை அளிக்கும் வலையமைப்பைக் கட்ட வேண்டியிருந்தது. தாமதத்தை மறைத்ததற்கு ஈடாகக் கடத்தல் வீதம் செலவாயிற்று. டெரா நிறுவனம் 2000இல் கிரே நிறுவனத்தின் வணிகத்தை வாங்கி அப்பெயரையே ஏற்றுக்கொண்டது, இக்கட்டமைப்பும் எம்.டி.ஏ-2, எக்ஸ்.எம்.டி. எனத் தொடர்ந்தது. எனினும் அது பொதுப்பயன் கணினியின் வழியாக வளரவில்லை, தனித்துறைப் பயனுக்குரியதாகவே நின்றது.

5. 1993இன் மறுப்பு

கல்லர் முதலியோரின் மறுப்பு அகத்திலிருந்து எழுந்த ஒன்று என்பது கவனத்துக்குரியது. எம்.ஐ.டி.யில் உருவான மான்சூன் என்னும் தரவோட்டக் கணினியை கிரெகரி பாப்படோபொலஸுடன் சேர்ந்து 1990இல் விளக்கியவர் கல்லரே. தலைப்பிலேயே ‘சிக்கல்கள்’ என்பதை ‘வரம்புகள்’ என மாற்றிக்கொண்ட அவர்களின் கட்டுரை இரு குறைகளைச் சுட்டுகிறது. ஒன்று, நினைவகப் படிநிலையைப் பற்றிய எளிமைப்படுத்தப்பட்ட பார்வை. மற்றொன்று, தரவு வந்ததும் கிடைத்த பணியை உடனே எடுத்துச் செய்யும் முறையின் போதாமை.

முதற்குறையின் சாரம் இது. காத்திருக்கும் ஒவ்வொரு பணியின் நிலையும் எங்கோ இருந்தாக வேண்டும். மிக விரைவான சேமிப்பிடம் எப்போதும் சிறிது. பணிகளின் எண்ணிக்கை அதன் கொள்ளளவைக் கடந்தால் அவற்றின் நிலை மெதுவான நினைவகத்துக்குத் தள்ளப்படும். அப்போது, பணிக்குத் திரும்புவதே ஒரு நினைவக அணுகலாகிவிடும். தாமதத்தைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடே தாமதத்தை உண்டாக்கும். இதிலிருந்து இரண்டாம் குறை பிறக்கிறது. ஒன்றோடொன்று தொடர்புடைய பணிகளை அடுத்தடுத்துச் செய்தால் அவை பதிவகங்களைப் பகிர்ந்துகொள்ளும். கிடைத்ததையெல்லாம் கிடைத்த வரிசையில் செய்தால் அப்பகிர்வு இழக்கப்படும். எனவே பணிகளைத் தேர்ந்தெடுப்பதில் சிக்கனம் வேண்டும் என்பது அவர்களின் முடிவு.

மேடையில் இடமில்லாதபோது மேலும் மேலும் காய் நறுக்குவதில் பயனில்லை என்று இதைச் சுருக்கலாம். முந்தைய கட்டுரை நிரலில் இணைநிலை உண்டா என்று மட்டும் கேட்டது. இக்கட்டுரை அதைத் தாங்க இடமுண்டா என்று கேட்டது. விவாதத்தை முன்னகர்த்திய கேள்வி இதுவே.

ஆயினும் இம்மறுப்பிலும் ஓர் ஊகம் உண்டு. மேற்படிநிலைச் சேமிப்பிடம் சிறிதாகவே நீடிக்கும் என்பது அது. சில்லின் பரப்பைப் பதுக்கு நினைவகத்துக்கு ஒதுக்குவதா, பதிவகங்களுக்கு ஒதுக்குவதா என்பது இயற்கை விதியால் தீர்மானிக்கப்படுவதன்று, வடிவமைப்பாளரின் தேர்வு. அத்தேர்வு மாறிய காலத்தில் விவாதமும் புதிய தளத்துக்கு நகர்ந்தது.

6. வரைகலைச் செயலி என்னும் சான்று

என்விடியா 2020இல் வெளியிட்ட ஏ100 செயலியில் 108 பல்செயலிப் பிரிவுகள் உள்ளன. ஒவ்வொரு பிரிவிலும் 65,536 பதிவகங்கள், அதாவது 256 கிலோபைட். அதே பிரிவின் முதல்நிலைப் பதுக்கு நினைவகமும் பகிர்வு நினைவகமும் சேர்ந்து 192 கிலோபைட்தான். செயலி முழுவதிலும் பதிவகங்கள் மட்டும் 27 மெகாபைட். இரண்டாம்நிலைப் பதுக்கு நினைவகம் 40 மெகாபைட். படிநிலையின் உச்சி சிறியதாக இருக்கும் என்ற மரபான கூம்பு வடிவம் இங்கே பிரிவு அளவில் தலைகீழாகியுள்ளது. ஒரு பிரிவு 2,048 இழைகளை, 32 இழைகள் கொண்ட 64 குழுக்களாக, ஒருங்கே தாங்குகிறது. ஒரு குழு நினைவகத்துக்காகக் காத்திருக்கையில் மற்றொரு குழு செயற்படுகிறது. இழைமாற்றத்துக்குச் சேமிப்போ மீட்போ தேவையில்லை. ஹெப்பும் டெராவும் காட்டிய வழியே இது.

இவ்வகையில் வரைகலைச் செயலி 1987இன் நோய்நாடலை மெய்ப்பிக்கிறது. ஆனால் 1993இன் வரம்பும் மறையவில்லை. 65,536 பதிவகங்களை 2,048 இழைகள் பங்கிட்டால் இழைக்குக் கிடைப்பவை 32 மட்டுமே. ஒரு நிரலுக்கு இழைக்கு 64 பதிவகங்கள் தேவையெனில் 1,024 இழைகளும், 128 தேவையெனில் 512 இழைகளுமே இடம்பெறும். வாசிலி வோல்கோவ் 2010இல், இழைகளைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, குறைவான இழைகளுக்கு மிகுதியான பதிவகங்களையும் ஒவ்வோர் இழைக்குள்ளும் ஒன்றையொன்று சாராத கட்டளைகளையும் அளிப்பது சில கணிப்புகளில் விரைவாக இயங்குவதைக் காட்டினார். கல்லர் குழுவினர் வலியுறுத்திய சிக்கனம், பதினேழு ஆண்டுகளுக்குப் பின், முற்றிலும் வேறான ஓர் இயந்திரத்தில் மீண்டும் தேவைப்பட்டது. வரம்பு உயர்த்தப்பட்டதே தவிர அகற்றப்படவில்லை.

7. ஒதுக்கப்பட்ட இரண்டாம் சிக்கல்

வரைகலைச் செயலியின் வெற்றியைத் தாமதப் பொறுத்தலின் முழு வெற்றியாகக் கொள்ள இயலாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. அர்விந்தும் இயனூச்சியும் எழுப்பிய இரண்டாம் சிக்கலான ஒத்திசைவை அது பெருமளவு தவிர்த்துக்கொண்டது. ஒரு தொகுதிக்குள்ளிருக்கும் இழைகள் ஒரு தடைக்கோட்டில் கூடி நிற்கலாம். பிளவுபடாத நினைவகச் செயல்களைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு நினைவகச் சொல்லிலும் ‘நிரம்பியது, வெற்று’ பிட் வைத்து, உண்டாக்குவோரையும் பயன்படுத்துவோரையும் சொல்லுக்குச் சொல் இணைத்த ஹெப்பின் நுண்ணிய ஏற்பாட்டுக்கு அங்கே நேர்நிகர் இல்லை.

அது தேவைப்படாத களங்களிலேயே வரைகலைச் செயலி முதலில் வேரூன்றியது. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் அணியின் ஒவ்வோர் உறுப்பும் பெரும்பாலும் தனித்தனியே கணிக்கத்தக்கவை. பணிகள் ஒன்றையொன்று சாராதவிடத்துத் தாமதத்தைப் பொறுப்பது எளிது. ஒழுங்கற்ற கோலக்கூட்டுகள், இயக்கத்தின்போதே வடிவம் மாறும் தரவமைப்புகள் ஆகியவற்றில் இணைநிலை உண்டு. ஆனால் அது ஒத்திசைவோடு பின்னிக் கிடக்கிறது. டெரா சிறந்தது இக்களத்தில்தான். ஆக, டெரா இரு சிக்கல்களையும் ஒருசேர ஏற்றுத் தனித்துறைக்குள் நின்றது. வரைகலைச் செயலி ஒன்றை மட்டும் ஏற்றுப் பரவலாயிற்று. சந்தையின் தீர்ப்பைக் கோட்பாட்டின் தீர்ப்பாகப் படிக்கும் ஆய்வுகள் இவ்வேறுபாட்டைத் தவறவிடுகின்றன.

8. முடிவுரை

‘இரண்டு அடிப்படைச் சிக்கல்கள்’ தன் நோய்நாடலில் சரியாகவும், தரவோட்டமே ஒரே மருந்து என்னும் முடிவில் மிகையாகவும் அமைந்தது. ‘இரண்டு அடிப்படை வரம்புகள்’ பணிகளைத் தாங்கும் இடத்தைக் கேள்விக்குள்ளாக்கி விவாதத்தை நிறைவு செய்ய முனைந்தது. எனினும் அவ்விடத்தின் அளவு வடிவமைப்பாளரின் கையில் இருப்பதைக் குறைத்து மதிப்பிட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் டெராவின் தேக்கமும் வரைகலைச் செயலியின் பரவலும் ஒருங்கே விளங்குகின்றன.

தாமதத்தை ‘மறைத்தல்’ என்னும் வழக்கு இத்துறையில் வேரூன்றிவிட்டது. மறைக்கப்பட்டது இல்லாமற்போனதாக எண்ணும் மயக்கம் அச்சொல்லிலேயே உள்ளது. ‘பொறுத்தல்’ என்னும் சொல் பொருத்தமானது. பொறுப்பவர் ஒருவர் உண்டு, பொறுப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதை அது நினைவூட்டுகிறது. அவ்விலை டெராவில் ஒற்றை இழையின் வேகமாகவும் வலையமைப்பின் கடத்தல் வீதமாகவும், வரைகலைச் செயலியில் பதிவகங்களின் பரப்பாகவும் நிரலரின் உழைப்பாகவும் செலுத்தப்படுகிறது. புதிய கட்டமைப்பு ஒன்று தாமதத்தை வென்றதாக முன்வைக்கப்படும்போது, எத்தனை இழைகள் என்று கேட்பதோடு நில்லாமல், அவ்விழைகளின் நிலை எங்கே தங்குகிறது, அவை ஒன்றுக்கொன்று காத்திருக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்பது ஆய்வாளரின் கடமையாகும். முதற்கேள்விக்கு 1993இன் கட்டுரை வழிகாட்டுகிறது. இரண்டாம் கேள்வி 1987இல் கேட்கப்பட்டது. பரவலான பயன்பாட்டிலுள்ள வரைகலைச் செயலியிடமிருந்து அதற்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை.